வாடகை வீட்டுக்கு முதல் ப்ரொஜெக்டர்: பழைய ஆபீஸ் மெஷினா, சின்ன எல்இடியா, இல்ல காசு சேர்த்து புது 1080பி-யா?

பெங்களூருல ஒரு பிஎச்கே, ரெண்டு பிஎச்கேல இருந்துக்கிட்டு முதல் தடவையா ப்ரொஜெக்டர் வாங்கப் போறீங்கன்னா, போன்ல விலை பாக்கறதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்து ஹாலை அளந்துடுங்க. ராமமூர்த்தி நகர், கேஆர் புரம் பக்கம் கட்டற வீடுங்கள்ல ஹால் பத்துக்கு பன்னெண்டு, பெட்ரூம் பத்துக்கு பத்து, அதுலயும் ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் ஜன்னல், மிச்சம் ஒரே ஒரு சுவர்தான் காலியா கிடைக்கும். இந்தச் சுவரும் அதுக்கு எதிர்ல இருக்கற தூரமும்தான் எந்த மெஷின் வாங்கலாம்னு முக்கால்வாசி முடிவு பண்ணிடும், பாக்ஸ் மேல போட்டிருக்கற 4கே, பன்னெண்டாயிரம் லூமென்ஸ் (வெளிச்சத்தோட அளவு) இதெல்லாம் இல்ல.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு ப்ரொஜெக்டருக்கும் த்ரோ ரேஷியோனு ஒரு நம்பர் இருக்கும், படத்தோட அகலத்தை அதால பெருக்கினா மெஷின் எவ்வளவு தூரத்துல இருக்கணும்னு வந்துடும். 100 இன்ச் படம்னா அகலம் 2.2 மீட்டர், சுமார் ஏழேகால் அடி. ரேஷியோ 1.5 இருக்கற மெஷின்னா லென்ஸ்லேருந்து சுவருக்கு 3.3 மீட்டர் வேணும், அதாவது பதினோரு அடி, அதுக்குப் பின்னாடி மெஷினோட உடம்பு, கேபிள், காத்து போக இடம்னு இன்னொரு அடி. பத்தடி ரூம்ல இது நடக்கவே நடக்காது, அந்த மெஷினை வாங்கி வெச்சா 80 இன்ச் பக்கத்துலதான் நிக்கும். ரேஷியோ 1.2 இருந்தா அதே 100 இன்ச் எட்டே முக்கால் அடியில வந்துடும்.

அடுத்தது வெளிச்சம், இதுலதான் நிறைய பேர் ஏமாறாங்க. தியேட்டர்ல டிஜிட்டல் ப்ரொஜெக்ஷனுக்கு வெச்சிருக்கற அளவு 14 ஃபுட்லாம்பர்ட். கெயின் 1, அதாவது வெளிச்சத்தைக் கூட்டாம குறைக்காம திருப்பி அனுப்பற சாதா வெள்ளை ஸ்கிரீன்ல ஒரு சதுர அடிக்கு 14 லூமென்ஸ் விழணும்னு அர்த்தம், அவ்வளவுதான். 80 இன்ச் படம் 19 சதுர அடி, அப்போ 270 லூமென்ஸ் போதும். 100 இன்ச்சுக்கு 415, 120 இன்ச்சுக்கு 600. இருட்டு ரூம்ல இவ்வளவு இருந்தாலே படம் நல்லா வரும். ஆனா இந்த லூமென்ஸ் ஆன்சி லூமென்ஸா, அதாவது மெஷின்லேருந்து வெளிய வர்ற வெளிச்சத்தை அளந்து சொல்ற நம்பரா இருக்கணும். ஆன்லைன்ல 9000, 15000னு போடறது லைட் சோர்ஸ் லூமென்ஸ், படத்தை உருவாக்கற பேனலையும் லென்ஸையும் தாண்டி சுவருக்கு வரும்போது அதுல கொஞ்சம்தான் மிஞ்சும். ஆன்சி எவ்வளவுனு எழுதாத மெஷினை நான் லிஸ்ட்லேயே சேக்க மாட்டேன்.

இப்போ மூணு வழி. முதல் வழி எஸ்பி ரோட்ல கிடைக்கற பழைய ஆபீஸ் ப்ரொஜெக்டர். கம்பெனிங்க ஆபீஸ் மாத்தும்போது மீட்டிங் ரூம் மெஷினை எல்லாம் மொத்தமா தள்ளிவிடுவாங்க, அது கடைக்கு வரும், பத்து பன்னெண்டாயிரத்துக்கே எப்சன், பென்க்யூனு நல்ல பேர் இருக்கற மெஷின், 3000 லூமென்ஸ், அதுவும் நிஜமான 3000. கடையில ட்யூப்லைட் எரியும்போதே படம் பளிச்னு தெரியும், பாத்த உடனே காசை எடுக்கத் தோணும். அங்க கொஞ்சம் நிதானிங்க. இந்த மெஷின்ல முக்காவாசி எக்ஸ்ஜிஏ, அதாவது 1024க்கு 768, பவர்பாயின்ட் காட்டறதுக்குன்னே செஞ்ச 4:3 பேனல். அதுல 16:9 படம் போட்டா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை விழுந்து 1024க்கு 576 தான் படத்துக்குக் கிடைக்கும், அந்தப் பட்டையும் முழு கறுப்பா இருக்காது, சாம்பல் கலர்ல சுவர்ல தெரிஞ்சுகிட்டே இருக்கும். கடைக்காரர் "ஃபுல் எச்டி சப்போர்ட் இருக்கு சார்"னு சொல்வார், பொய் இல்ல, சிக்னலை வாங்கிக்கும், ஆனா சுருக்கித்தான் காட்டும். நேட்டிவ், அதாவது பேனல்லயே இருக்கற புள்ளி எவ்வளவுனு கேளுங்க.

அப்புறம் லாம்ப். மெனுக்குள்ள போய் லாம்ப் ஹவர்ஸ், அதாவது பல்பு எவ்வளவு நேரம் எரிஞ்சிருக்குன்னு பாருங்க, அதை ரீசெட் பண்ணி வெச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால நம்பரை மட்டும் நம்பாம முழு வெள்ளை ஸ்கிரீன் ஒண்ணு போடச் சொல்லுங்க, கடையில லைட்டை ஒரு நிமிஷம் அணைக்கச் சொல்லுங்க அண்ணான்னு கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. வெள்ளையில ஒரு மூலை மட்டும் மஞ்சளாவோ நீலமாவோ இருந்தா 3எல்சிடி மெஷின்ல (மூணு எல்சிடி பேனல் இருக்கறது) பேனலோ அதோட போலரைசர் ஃபில்டரோ சூட்டுல போயிடுச்சுன்னு அர்த்தம், அதைத் தொடவே தொடாதீங்க. அடுத்து கறுப்பு ஸ்கிரீன் ஒண்ணு போடச் சொல்லுங்க, அங்கங்க சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி மினுக்கினா அது டிஎல்பி மெஷின், உள்ள சிப்ல இருக்கற குட்டிக் கண்ணாடிங்க ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டு நிக்குது, ஒண்ணு வந்தா இன்னும் வரும். கறுப்பு ஸ்கிரீன்ல மங்கலா பனி மாதிரி வட்டம் தெரிஞ்சா உள்ள தூசி. இதுல எதுவும் இல்லாம சுத்தமா இருந்தாலும், புது லாம்ப் விலையைக் கேட்டு மெஷின் விலையோட கூட்டிப் பாத்துட்டு முடிவெடுங்க.

கரன்ட்டும் யோசிக்கணும். மழை வந்தா பெஸ்காம் லைன் போறது நமக்குத் தெரிஞ்சதுதான். லாம்ப் மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போது கரன்ட் போனா ஃபேனும் சேர்ந்து நின்னுடும், சூடு வெளிய போகாது, அடிக்கடி இப்படி நடந்தா லாம்ப் ஆயுசு குறையும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்ல இது சின்ன விஷயம் இல்ல. எல்இடில இந்தக் கவலை ரொம்பக் கம்மி.

ரெண்டாவது வழி பன்னெண்டாயிரத்துலேருந்து இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் விக்கற எல்இடி ப்ரொஜெக்டர். ஜீப்ரானிக்ஸ், போர்ட்ரானிக்ஸ், ஈகேட், வான்போன்னு ஏகப்பட்டது இருக்கு, ஒவ்வொரு பிராண்ட்லயும் நல்லதும் இருக்கு சுமாரும் இருக்கு, அதனால பேரை வெச்சு எடுக்காதீங்க. உள்ள இருக்கறது ஒரே ஒரு எல்சிடி பேனல், பின்னாடி ஒரு எல்இடி. அந்தப் பேனல் வெளிச்சத்துல பெரும்பகுதியை முழுங்கிடும், அதான் ஆன்சி 200, 300, 400னே நிக்குது. மேல சொன்ன கணக்கைப் போடுங்க, 300 ஆன்சினா 80 இன்ச்சுக்குச் சரியா வருது, அதையே 120 இன்ச்சுக்கு இழுத்தா பாதி வெளிச்சம்தான், படம் செத்துப் போயிடும். மெஷினைத் திட்டறவங்கள்ல நிறைய பேர் செய்யறது இந்தத் தப்புதான், படத்தைப் பெருசா இழுத்துட்டு மங்கலா இருக்குன்னு சொல்றது.

வாங்கும்போது மூணு விஷயம் கட்டாயம். நேட்டிவ் 1080பி, 720 வேண்டாம், 480 பக்கமே போகாதீங்க. சீல் பண்ண ஆப்டிகல் இன்ஜின், அதாவது பேனலும் லென்ஸும் தூசி போகாம மூடியிருக்கறது, ஏன்னா நம்ம ஊர்ல ரோடு தோண்டாத தெருவே இல்ல, தூசி பேனல் மேல உக்காந்தா அதைத் துடைக்க முழுசாப் பிரிக்கணும். மூணாவது ஓரத்து ஃபோகஸ். சப்டைட்டில் இருக்கற படம் போட்டு நடுவுல ஃபோகஸ் வெச்சுட்டு, கீழ் மூலையில இருக்கற எழுத்தைப் பக்கத்துல போய்ப் பாருங்க, எழுத்தோட ஓரம் கரைஞ்சு தெரிஞ்சா லென்ஸ் மட்டம். ஆட்டோ கீஸ்டோன், அதாவது கோணலா விழற படத்தைத் தானே நேராக்கற வசதி இருக்குன்னு பெருமையா போடுவாங்க, அதை நம்பி மெஷினை சைடுல வெக்காதீங்க, கீஸ்டோன் பண்ணும்போது பேனலோட ஒரு பகுதியை விட்டுட்டு படத்தைச் சுருக்குது, ஷார்ப்னெஸும் போகுது வெளிச்சமும் போகுது. நேரா வெச்சுடுங்க. உள்ள வர்ற ஆண்ட்ராய்டையும் மறந்துடுங்க, நிறைய மெஷினுக்கு நெட்ஃப்ளிக்ஸ் லைசென்ஸ் கிடையாது, ஆப் ஓடினாலும் எச்டி வராது, ஒரு ஃபயர் ஸ்டிக் சொருகினா முடிஞ்சது.

மூணாவது வழி பொறுத்திருந்து அறுபது, எழுபதாயிரம் சேர்க்கறது. இங்க போட்டி டிஎல்பிக்கும் 3எல்சிடிக்கும். பென்க்யூ டிஎச்585பி மாதிரி டிஎல்பி 1080பி, 3500 லூமென்ஸ், கறுப்பு நல்லா வரும், கேம் ஆடறவங்களுக்கு லேக் (பட்டன் அழுத்தினதுக்கும் படம் மாறறதுக்கும் நடுவுல வர்ற தாமதம்) கம்மி. ஆனா டிஎல்பி ஒரே சிப்புல சுத்தற கலர் வீலை வெச்சு சிவப்பு, பச்சை, நீலம்னு ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா காட்டுது, சிலர் கண்ணை வேகமா திருப்பினா வானவில் மாதிரி கோடு தெரியும், தலைவலியும் வரும். உங்களுக்கு மட்டும் இல்ல, வீட்ல எல்லாருக்கும் காட்டிட்டு வாங்குங்க. எப்சன் டிடபிள்யூ750 மாதிரி 3எல்சிடில அந்தப் பிரச்சனையே இல்ல, கலர் வெளிச்சமும் வெள்ளை வெளிச்சமும் ஒரே அளவு, த்ரோ ரேஷியோவும் கொஞ்சம் குறைவு, அதனால சின்ன ஹாலுக்கு நான் எப்சன் பக்கம்தான். கறுப்பு கொஞ்சம் சாம்பல் அடிக்கும், இருட்டு சீன்ல தெரியும், ஃபில்டர் மாசத்துக்கு ஒரு தடவை துடைக்கணும். ரெண்டும் லாம்ப்தான்கறதை மறக்காதீங்க.

நாலாவதா ஒண்ணையும் சொல்லியாகணும், டிவி. பகல்ல கிரிக்கெட் பாக்கறதுதான் வீட்ல முக்கியம்னா முப்பத்தஞ்சு நாப்பதாயிரத்துக்கு 55 இன்ச் டிவி வாங்கிட்டு நிம்மதியா இருங்க. ஐபிஎல் ஏழரை மணி மேட்ச் ப்ரொஜெக்டர்ல அருமையா இருக்கும், ஞாயித்துக்கிழமை மூணரை மணி மேட்சுக்கு ஜன்னல் வெளிச்சம் வந்தா பேட்ஸ்மேன் மூஞ்சியே தெரியாது. ப்ரொஜெக்டரால கறுப்பைப் போட முடியாது, சுவர் எவ்வளவு வெளுப்போ அதுதான் அதோட கறுப்பு. ஆனா ராத்திரி லைட்டை அணைச்சுட்டு நாலு பேர் உக்காந்து படம் பாக்கற வீடுன்னா 80 இன்ச் படம் 55 இன்ச் டிவியை விட ரெண்டு மடங்கு பரப்பு, அந்த அனுபவத்தை டிவி தராது.

என்னைக் கேட்டா, மொத்தமா முப்பதாயிரம்தான் கையில இருக்கு, வாடகை வீடு, பாக்கறது ராத்திரிலனா, 300லேருந்து 400 ஆன்சி இருக்கற நேட்டிவ் 1080பி எல்இடியை எடுத்து 80 இன்ச்ல நிறுத்துங்க. பழைய ஆபீஸ் மெஷினை விட வெளிச்சம் கம்மி, ஆனா முகம் முகமா தெரியும், லாம்ப் செலவு இல்ல, வீடு மாறும்போது பையில போட்டு எடுத்துட்டுப் போயிடலாம். மிச்ச காசுல சிக்பேட்டைல கனமான பிளாக்அவுட் துணி வாங்கி ஜன்னலுக்குப் போடுங்க, சத்தியமா சொல்றேன், அந்தத் துணி கூட்டற கான்ட்ராஸ்ட்டை இன்னொரு அஞ்சாயிரம் போட்டு மெஷின்ல வாங்க முடியாது. ஓனர் அடிச்சிருக்கற க்ரீம் கலர் சுவர்ல நேரா போட்டா எல்லார் மூஞ்சியும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கும், ஒரு மேட் வெள்ளை ஸ்கிரீன் துணி வாங்கி கர்ட்டன் ராடுலயே கட்டிடுங்க, ஆணி அடிக்க வேண்டாம், அட்வான்ஸ்ல பிடிப்பாங்களோன்னு பயமும் வேண்டாம். சவுண்டுக்கு மெஷினோட ஸ்பீக்கரை நம்பாதீங்க, சின்னதா ஒரு சவுண்ட்பாரை ஆடியோ வயர்லயே கொடுங்க, ப்ளூடூத்ல உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம் போகும்.

2025 செப்டம்பர் 22லேருந்து ப்ரொஜெக்டருக்கு ஜிஎஸ்டி 28லேருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு, அதனால கடையில பழைய எம்ஆர்பி ஸ்டிக்கரைக் காட்டினா பில்லுல வரி எவ்வளவு போட்டிருக்குன்னு பாத்துட்டு காசு குடுங்க. ஆன்லைன்ல வாங்கினா ரிட்டர்ன் டேட் முடியறதுக்குள்ள வெள்ளை, கறுப்பு, மூலை எழுத்து மூணையும் ராத்திரி இருட்டுல போட்டுப் பாத்துடுங்க, தொடர்ந்து ரெண்டு மூணு மணி நேரம் ஓடவிட்டு ஃபேன் சத்தமும் சூட்டுல ஃபோகஸ் நகருதான்னும் கவனிங்க, அதுவரைக்கும் பாக்ஸையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீங்க.