முடி நட்டு ஏழு வருடம்: நட்டது நிற்கிறது, பக்கத்தில் இருந்தது போனது

31 வயதில் எஃப்.யூ.இ முறையில், அதாவது வேர்க்கொத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து நடும் முறையில், முடி நட்டுக்கொண்டேன். இப்போது 38. முதல் வருடப் படங்கள் எங்கும் கிடைக்கின்றன. ஏழாவது வருடம் எப்படி இருக்கும் என்று சொல்ல ஆள் குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

அறுவை நாளைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. மரத்துப்போக ஊசி போட்டதுதான் வலி, மற்றதெல்லாம் அலுப்பு. பின்மண்டையிலிருந்து 2,400 கிராஃப்ட் எடுத்து நெற்றி ஓரத்திலும் அதற்குப் பின்னாலும் வைத்தார்கள். கிராஃப்ட் என்பது ஒரு முடி அல்ல, ஒன்று முதல் நான்கு முடி வரை சேர்ந்து முளைக்கும் வேர்க்கொத்து. முன்வரிசைக்கு ஒற்றை முடிகளாகவே பொறுக்கி வைத்ததால் இன்றும் நேரெதிரே நின்று பார்த்தால்கூடத் தெரியாது.

மூன்றாம் நாள் நெற்றி வீங்கியது, பிறகு தானாக வடிந்தது. பத்து நாளில் பொருக்கு உதிர்ந்தது. மூன்றாவது வாரம் நட்ட முடியே கொட்ட ஆரம்பித்தது. உதிர்வது தண்டுதான், வேர் உள்ளேயே இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தும் காலையில் தலையணையைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். அந்த மூன்று மாதங்கள்தான் எனக்கு மிகக் கஷ்டமானவை. நான்காம் மாதம் பூனைமுடி போல எட்டிப் பார்த்தது. ஒரு வருடத்தில் நன்றாகத் தடித்துவிட்டது.

பின்மண்டை வேர்கள், வழுக்கையை உண்டாக்கும் டிஹெச்டி ஹார்மோனுக்கு எளிதில் சிறுத்துப்போவதில்லை. இடம் மாற்றினாலும் அந்தக் குணம் வேரோடு கூடவே வரும். நார்மன் ஓரன்ட்ரைக் என்ற நியூயார்க் தோல் மருத்துவர் 1959இல் எழுதியது இதைத்தான். என் தலையில் அது அப்படியே பலித்திருக்கிறது. முன்வரிசை இன்னும் கெட்டியாக நிற்கிறது.

நான் தவறு செய்தது வேறு இடத்தில். நடவு முடியை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். வழுக்கை விழுவதை அது நிறுத்தாது. அதை நிறுத்தத்தான் ஃபினாஸ்டெரைடு 1 மி.கி. மாத்திரை கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வருடம், எல்லாம்தான் வளர்ந்துவிட்டதே என்று யாரையும் கேட்காமல் விட்டுவிட்டேன். அடுத்த வருடத்துக்குள் நட்ட பகுதிக்குப் பின்னால் இருந்த என் சொந்த முடி மெலிந்து, உச்சியில் வட்டமாகத் தோல் தெரிய ஆரம்பித்தது. மறுபடி மாத்திரை தொடங்கினேன். மேலும் போகாமல் நின்றது, போனதில் பாதிகூடத் திரும்பவில்லை. சிலருக்கு இந்த மாத்திரையால் தாம்பத்திய ஆர்வம் குறையலாம். எனக்கு அப்படி வரவில்லை, ஆனாலும் மருத்துவரிடம் கூச்சமில்லாமல் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை எடுக்கும்போதும் இதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள், அந்த அளவை இது ஏறக்குறைய பாதியாக்கிக் காட்டும்.

இரண்டாவது நடவு பற்றி விசாரிக்கப் போன ஓர் இடத்தில் என் பின்மண்டையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. எத்தனை வேண்டுமானாலும் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்றார்கள். கோபமாக வந்தது. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. முடியை ஒட்ட வெட்டினால் என் பின்மண்டையில் வெள்ளைப் புள்ளிகள் இப்போதே தெரிகின்றன. அப்பாவுக்குக் காதோரமும் பின்பக்கமும் மட்டும்தான் மிச்சம். நானும் அந்த நிலைக்குப் போனால், இருப்பில் உள்ள கொஞ்சமும் முன்பக்கத்துக்கே தேவைப்படும்.

முதல் மருத்துவரிடம் பதினெட்டு வயதில் இருந்த மாதிரி நெற்றியில் முடி தொடங்கும் கோட்டைக் கீழே இறக்கி வரையச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் மறுத்துவிட்டு, நான் கேட்டதைவிட ஒரு விரல் மேலே கோடு போட்டார். அன்று முகம் சுளித்தேன். அந்த ஒரு விரல் அகலத்தில் மிச்சமான கிராஃப்ட்கள் இன்னும் பின்மண்டையில் இருக்கின்றன. உச்சியை இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன்.