பசி அடங்கிய பிறகுதான் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டியிருக்கிறது: டிர்செப்படைடு ஊசி அனுபவம்

எடை குறைக்க டாக்டர் எழுதிக் கொடுத்த டிர்செப்படைடு ஊசியை ஒரு வருடத்துக்கு மேலாகப் போட்டு வருகிறேன். மௌன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்ததே, அதுதான். எனக்குச் சர்க்கரையும் உண்டு. பசியை அடக்கும் மருந்து என்றதும் மனைவி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பசியை அடக்கி எடை குறைக்கும் சிபுட்ரமின் மாத்திரையை இதயத்துக்கு ஆபத்து என்று 2011இல் இங்கே தடை செய்தது அவளுக்கு நினைவிருந்தது. இது வேறு வகை மருந்து என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1, ஜிஐபி ஹார்மோன்களின் வேலையை இது செய்கிறது. மூளைக்குப் 'போதும்' என்ற சேதி போகிறது, இரைப்பையும் மெதுவாகக் காலியாகிறது.

இதுவரை எட்டில் ஒரு பங்கு எடை குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் காலை டிபன் முடித்துக் கை கழுவும்போதே மதியத்துக்கு என்ன என்று மனசு ஓடும். இப்போது டீக்கடையில் பஜ்ஜி பொரிகிற வாசனை வந்தாலும் டீயை மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன். இதில் என் வைராக்கியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

வாரம் ஒரு ஊசி. முதல் நாலு வாரம் 2.5 மில்லிகிராம், பிறகு 5, இப்போது 7.5. டோஸ் ஏறும்போதெல்லாம் குமட்டல், அழுகின முட்டை வாடையில் ஏப்பம். ராத்திரி பரோட்டா சால்னா சாப்பிட்டால் விடியும்வரை நெஞ்சிலேயே நிற்கும். இவையெல்லாம் சில வாரங்களில் அடங்கிவிட்டன, மலச்சிக்கல் மட்டும் போகவில்லை.

நம் சாப்பாட்டில் இன்னொரு சிக்கல். குழம்புச் சோறு நாலு வாய் இறங்கியதும் வயிறு நிறைந்துவிடும், முட்டையும் பருப்பும் தட்டிலேயே மிஞ்சும். இப்படியே போனால் கொழுப்போடு தசையும் கரையும். அதனால் முதலில் முட்டை, மீன் அல்லது சுண்டல், அப்புறம் காய், கடைசியில்தான் சோறு. கூடவே வாரத்தில் சில நாள் டம்பெல். இந்த மருந்தைக் கேட்டு வருகிற நண்பர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன், அவர்களோ எத்தனை கிலோ குறைந்தது என்பதிலேயே நிற்கிறார்கள்.

கல்யாணப் பந்தி தனிக் கதை. பாயசம் வேண்டாம் என்று இலையை மறைத்தால், "என்னப்பா, உடம்புக்கு முடியலையா?" என்பார் அத்தை. ஊசி போடுகிறேன் என்றால், "ஐயோ, இன்சுலின் வரைக்கும் போயிடுச்சா!" விளக்கி முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிடும்.

செலவு லேசில்லை. 5 மில்லிகிராம் குப்பி ஒன்றின் அறிமுக விலையே 4,375 ரூபாய், மாதத்துக்கு நாலு வேண்டும். நடுவில் கடையில் சரக்கு வராமல் சில வாரம் விட்டுப்போனது. பழைய பசி அப்படியே திரும்பி வந்தது, எடையும் ஏற ஆரம்பித்தது. நிறுத்தினால் ஏறும் என்பது மருந்துச் சோதனைகளிலேயே தெரிந்த விஷயம்தான். பிபி மாத்திரை மாதிரி தொடர வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் பணத்தைக் கணக்குப் போட வேண்டும்.

தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கு இது கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சீட்டு இல்லாமல் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்கள் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள்.

அடுத்த ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தால் 5க்கு இறக்கிப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். முழுசாக நிறுத்துவதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.