62,000 ரூபாய்க்கு வாங்கிய என் பழைய பம்ப்

சேலத்தில் பழைய திறந்த கார் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் இருப்பீர்களோ, ஒருத்தர் இருந்தாலும் இதைப் படித்துவிடுங்கள். கூரை பம்ப் வேலை பார்த்த கடையின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை வாயைத் திறக்காதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

வண்டி என் மாமனாருடையது. 1962 செவர்லே இம்பாலா, துணிக்கூரை. ஸ்விட்சைத் தொட்டால் கூரை தானாக எழுந்து பின்னால் போய் மடங்கும். பெரிய மாயமெல்லாம் இல்லை. பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு மோட்டார், அதோடு ஒட்டிய பம்ப், ஆயில் தொட்டி, அங்கிருந்து ஹோஸ் வழியாக இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர். டிப்பர் லாரி தொட்டியைத் தூக்குகிற அதே வித்தை. மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் கூரை எழும், திருப்பிச் சுற்றினால் இறங்கும்.

ஜனவரியில் ஸ்விட்சை அழுத்தினால் ஒரு நாள் வேலை செய்தது, மறுநாள் சத்தமே இல்லை. பின் சீட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் மறுபடி ஓடும். இந்த அறிகுறியை அப்போதே சரியாகப் படித்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. பழைய கார்களுக்குப் பேர் போன கடை என்று நாலு பேர் சொன்ன இடத்துக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பத்து நிமிஷம் பார்த்தார். "பம்ப் போயிருச்சுங்க சார். அமெரிக்காவுல இருந்துதான் வரணும்." ஐந்து வாரம். 62,000 ரூபாய். பில்லில் 'பம்ப் வேலை' என்று இரண்டே வார்த்தை, பார்ட் நம்பர் கிடையாது. பழைய பம்பைக் கேட்டேன். "பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்களே!" கூரை வெண்ணெய் மாதிரி இறங்கியது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே மாதம் மாமாவை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். அடிவாரத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது, கூரையை மடக்கிவிட்டோம். இருபது ஹேர்பின் வளைவில் பாதிக்கு மேல் ஏறியிருப்போம், சொல்லாமல் கொள்ளாமல் மழை. ஓரம் கட்டி ஸ்விட்சை அழுத்தினால் வலது பக்கம் எழுகிறது, இடது பக்கம் வரமாட்டேன் என்கிறது. பிரேம் கோணலாக நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் காற்றை உறிஞ்சிக்கொண்டு கீச்சென்று கத்துகிறது. மாமாவுக்கு எழுபத்து நாலு வயசு. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "நான் என்ன உப்பு பொம்மையா மாப்பிள்ளை, கரைஞ்சிட மாட்டேன், மெதுவாப் பாருங்க" என்கிறார். பின்னால் வந்த வேன் டிரைவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று, ஒரே சமமாக இழுத்து ஏற்றினோம். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பிரேம் முறுக்கிக்கொள்ளும், அதை மட்டும் செய்துவிடாதீர்கள். இடது கதவோரம் கையை வைத்தால் சிவப்பாக ஆயில்.

இந்த முறை கார்க்கடை பக்கமே போகவில்லை. கொண்டலாம்பட்டி பக்கம் ஜேசிபி சிலிண்டர் பிரிக்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். அந்தச் சிவப்பு ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "இது ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊத்துறதுங்க. உங்க வண்டி எதுக்குப் பண்ணுனது?" பழைய மேனுவலில் பிரேக் ஆயில் என்றுதான் போட்டிருக்கிறது, கடையில் இதை ஊற்றிவிட்டார்கள். சிலிண்டரைப் பிரித்தார். உள்ளே இருந்த சீல் தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி உப்பி, தன் பள்ளத்திலேயே உட்காராமல் பிதுங்கி நின்றது. பிரேக் ஆயிலுக்கான ரப்பரில் இந்த மாதிரி மினரல் ஆயில் பட்டால் அந்தக் கதிதான். அண்ணனிடம் இருக்கிற நைட்ரைல் ரப்பர் சீல் இதற்கு நேர்மாறு, பிரேக் ஆயில் அதற்கு ஆகாது. "என்கிட்ட இருக்கிற சீல் எதுவும் உங்களுக்கு உதவாதுங்க, பிரேக் ஆயிலைத் தாங்குற ஈ.பி.டி.எம். ரப்பர்ல தேடுங்க" என்று தன் வியாபாரத்தையே வேண்டாம் என்றவர் அவர்.

அப்புறம்தான் பம்பைக் கழற்றினோம். பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட். மூலையில் ஒரு சொட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஜாக்கியைக் கை தவறி நான் போட்ட அதே சொட்டை. நகத்தால் சுரண்டினேன். வெள்ளிக்கு அடியில் பழைய கறுப்பு, அதற்கும் அடியில் துரு. பம்ப் மாறவே இல்லை. மாறியது ஒரே ஒரு எர்த் வயர். தரைத்தகட்டில் ஒரு ரூபாய் அளவு துருவைச் சுரண்டி, வயர் முனையில் புது லக் (வளையம்) வைத்து போல்ட் போட்டிருந்தார்கள். என் ஜனவரிக் கோளாறு மொத்தமும் அதுதான்.

ஆகவே, பம்ப் போச்சு என்று எவர் சொன்னாலும் கழற்றவிடாதீர்கள். பேட்டரியிலிருந்து தடித்த வயரில் மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்து, மோட்டார் உடம்புக்கு தனி எர்த்தும் கொடுங்கள். ஓடினால் மோட்டார் நல்லாயிருக்கிறது, கோளாறு ஸ்விட்சிலோ வயரிலோ எர்த்திலோ. ஓடியும் கூரை அசையாவிட்டால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், உள்ளே காற்று புகுந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் பின்தங்கினால் அந்தப் பக்க ஹோஸ் மடங்கியிருக்கிறதா, சிலிண்டர் கசிகிறதா என்று பாருங்கள். இரண்டு சிலிண்டரையும் பிரேமோடு சேர்க்கிற பின்களைக் கழற்றிவிட்டுக் கூரையைக் கையால் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. அப்போதும் கனத்தால் பிரேம் மூட்டுகள்தான் இறுகிக் கிடக்கின்றன, பம்ப் மேல் பழி இல்லை. ஆயில் விஷயத்தில் ஒரு வார்த்தை: இப்போது வருகிற புது சிலிண்டர், பம்ப் செட்டுகள் பல அந்தச் சிவப்பு ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலுக்கானவை. எது மாட்டியிருக்கிறதோ அதற்குரியதை மட்டும் ஊற்றுங்கள், கலக்கவே கூடாது. பிரேக் ஆயில் சிந்தினால் பெயிண்ட்டைத் தின்றுவிடும், பக்கத்தில் ஈரத்துணி இருக்கட்டும்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "ஆயிலுக்குத் தனியா சார்ஜ் பண்ணலையே சார்" என்றார். நான் பம்பைக் கேட்டேன், அவர் ஆயிலைப் பற்றியே பேசினார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் போகலாம், நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது. என்னிடம் இருப்பது அந்த இரண்டு வார்த்தை பில்லும், ஜாக்கி விழுந்த அன்று மாமா எடுத்த போட்டோவும்.

சீல் வருகிறவரை கூரை மூடியே கிடக்கும். மீதி வெள்ளியைச் சுரண்டாதே என்று வக்கீல் சொன்னதால் பம்ப் பழைய வேட்டியில் சுற்றி பீரோவில் இருக்கிறது. மாமா தினம் ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றி வைக்கிறார்.