ஒலிவியர் அரங்கில் எங்கே உட்காரலாம், எதைப் பார்க்கலாம்

லண்டன் நேஷனல் தியேட்டரின் மூன்று அரங்குகளில் பெரியது ஒலிவியர். சுமார் 1,150 இருக்கைகள். டிக்கெட் எடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கீழ்த்தளத்து முன்வரிசைக்கு ஆசைப்பட வேண்டாம். மாடத்தின் நடுப்பகுதியில், முதல் சில வரிசைகளுக்குள் இடம் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக இரண்டு இடங்களிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இது.

காரணம் அரங்கின் வடிவம். கட்டடக் கலைஞர் டெனிஸ் லாஸ்டன், கிரேக்கத்தின் எபிடாரஸில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுந்த திறந்தவெளி அரங்கை மனத்தில் வைத்து இதை வரைந்தார். மேடையைச் சுற்றிப் படச்சட்டம் போன்ற வளைவு கிடையாது. இருக்கைகள் விசிறியாக விரிந்து மேலேறுகின்றன. எபிடாரஸின் உயிர்நாடி நடுவிலிருக்கும் வட்டக் களம். கோரஸ், அதாவது ஊர் மக்களாக நின்று கதைக்குக் குரல் கொடுக்கும் குழு, ஆடிப் பாடியது அங்கேதான். ஒரு கூட்டம் வட்டமாகச் சேர்வதும் சிதறுவதும் உயரத்திலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். 2008இல் நடிகர் ரால்ஃப் ஃபைன்ஸ் இங்கே கிரேக்க நாடகத்தின் மன்னன் ஈடிபஸாக நடித்தபோது சூட் அணிந்த ஆண்கள் கோரஸாக வந்தார்கள். முன்வரிசைக்காரர்களுக்கு முகங்கள் கிடைத்திருக்கும். மாடத்தில் இருந்த எங்களுக்கு ஒரு நகரமே கலங்குவது தெரிந்தது.

விசிறியின் ஓரங்கள் வேறு கதை. நடிகர் மறுபக்கம் திரும்பிவிட்டால் முதுகுதான் மிச்சம். சொற்களின் கடைசி எழுத்துகளும் கரைந்துபோகும். மெல்லப் பேசினாலும் மேல்படி வரை கேட்கும் என்று எபிடாரஸுக்குப் பெயர் உண்டு. வடிவத்தை இரவல் வாங்க முடிந்த அளவுக்கு ஒலியை வாங்க முடியவில்லை. இவ்வளவு அகலமான இடத்தைக் குரலால் நிரப்புவது கடினம் என்று நடிகர்களே சொல்லி வந்திருக்கிறார்கள். எபிடாரஸில் மேடைக்குப் பின்னால் மலையும் பகல் வெளிச்சமும் இருக்கும். இங்கே கூரையும் இருட்டும்.

ஆனால் மேடைக்கு அடியில் ஒரு பூதம் இருக்கிறது. ஐந்து மாடி உயரச் சுழல் உருளை. காட்சிகளைச் சுழற்றும், கீழிருந்து மேலே தூக்கியும் நிறுத்தும். 1976இல் அரங்கு திறந்தாலும் இந்த இயந்திரம் முழுமையாகப் பணிய ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பிடித்தன. பழமையிலிருந்து விலகிய ஆடம்பரம் என்று இதைச் சிலர் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே நடந்த கொலையைக் காட்ட உடல்களை உருட்டிக்கொண்டு வரும் சக்கர மேடையும், தெய்வத்தை அந்தரத்தில் இறக்கும் பாரந்தூக்கியும் கிரேக்கர்களிடம் இருந்தனவே! இது அவற்றின் பேரப்பிள்ளை.

கட்டடத்தின் கான்கிரீட்டைப் பலருக்குப் பிடிக்காது. அன்றைய இளவரசர் சார்லஸ் 1988இல் இதை அணுமின் நிலையத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். 1994இல் அதே கட்டடம் பாதுகாக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்ந்தது. கிட்டே போய்ப் பாருங்கள்: வார்ப்புக்கு அடைத்த மரப்பலகைகளின் ரேகைகள் சுவர் முழுவதும் பதிந்திருக்கின்றன. முன்கூடங்களுக்குள் போக டிக்கெட் வேண்டாம். மடிக்கணினியோடு பகலெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

இயக்குநர் பீட்டர் ஹால் 1981இல் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ஓரெஸ்தியா என்ற மூன்று நாடகத் தொடரை முகமூடிகளோடு இங்கே மேடையேற்றி, அடுத்த ஆண்டு எபிடாரஸுக்கே கொண்டுபோனார். அரங்கின் குணம் அதுதான். மன்னன், போர், ஊர்க்கூட்டம், நியாய விசாரணை என்று பொதுவெளியில் நிகழும் நாடகங்கள் இங்கே நிமிர்ந்து நிற்கும். ஒரு சமையலறையில் இருவர் மனம் விட்டுப் பேசும் நாடகம் என்றால், அதே கட்டடத்திலிருக்கும் சின்ன டார்ஃப்மன் அரங்கில் அது வரும்வரை காத்திருப்பேன்.