உலகப் போர்நிறுத்தமா, மூன்று நாள் அமைதியா?

கொரோனா பரவிய நேரம், 2020 மார்ச் 23 அன்று ஐ.நா. பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ் உலகம் முழுக்கப் போரை நிறுத்தச் சொன்னார். பல நாடுகள் ஆதரித்தன. ஆனால் ஐ.நா. பாதுகாப்புச் சபை அதற்கு ஆதரவாக 2532-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றவே ஜூலை 1 ஆகிவிட்டது. கிருமி அதுவரை காத்திருக்கவில்லை.

இன்னொரு வழி சின்னது. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரின் உள்நாட்டுப் போரில், ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் முயற்சியால் 1985-இல் தனித்தனியாக மூன்று நாட்கள் மட்டும் இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்தன. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத்தான். பிறகு ஆண்டுதோறும் அப்படியே நடந்தது. தோளில் ஐஸ் பெட்டியோடு நடக்கும் சுகாதாரப் பணியாளரை நினைத்துப் பாருங்கள். ஐஸ் உருகினால் மருந்து வீண். அதனால் எந்தப் பாதை, எத்தனை மணி என்று எல்லாமே முன்கூட்டியே பேசித் தீர்த்தாக வேண்டும். யாரும் தன் கோரிக்கையை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. இந்த வழி பலிப்பதற்கு அதுதான் காரணம் என்பேன்.

சுற்றுச்சூழலிலும் இது நடந்திருக்கிறது. 2023-இல் ஏமன் போருக்கு நடுவே, சிதைந்துகொண்டிருந்த சேஃபர் என்ற எண்ணெய்ச் சேமிப்புக் கப்பலிலிருந்து 11 லட்சம் பீப்பாய்க்கும் மேலான எண்ணெயை ஐ.நா. வேறு கப்பலுக்கு மாற்றியது. செங்கடல் தப்பியது.

சரி, குறையும் உண்டு. அந்த நாள் முடிந்ததும் மறுபடி சண்டைதான். எல் சால்வடோர் போரை முடித்தது 1992 ஒப்பந்தம், தடுப்பூசி அல்ல. ஆனாலும் நோய் வாசலில் நிற்கும்போது நான் முதலில் கேட்பது அந்த மூன்று நாட்களைத்தான். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது அந்தக் குழந்தைகள் உயிரோடு இருக்க வேண்டுமே.