கேட்வேயிலிருந்து எலிபெண்டா லாஞ்ச்: இடப்பக்கம் இடம் பிடியுங்கள்

தூத்துக்குடியிலிருந்து என்னுடன் கல்லூரியில் படித்த தோழிகள் மூன்று பேர் மும்பை பார்க்க வந்திருந்தார்கள். நான் செம்பூரில் விடுதியில் தங்கி எம்.ஏ. படிக்கிறேன். முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் செய்வதுபோல அவர்களை மெரைன் டிரைவில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, பெரிய துறைமுகம்னு சொன்ன. ஒத்தக் கப்பலக் காணோம்?"

நியாயமான கேள்வி. நாங்கள் நாலு பேருமே கப்பல் பார்த்து வளர்ந்தவர்கள். என் தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர். ஆனால் இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருஷமாகியும் நானே துறைமுகத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை. மெரைன் டிரைவ் மேற்குப் பக்கம், திறந்த கடல். துறைமுகம் இருப்பது கிழக்குப் பக்கம், மும்பைத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே, அலை அடங்கிய நீரில். அந்தக் கரையில் பெரும்பகுதி மதிலும் சரக்குக் கிட்டங்கியுமாக இருப்பதால் ஊர்க்காரர்கள் கண்ணுக்கே படாது. அதைப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிபெண்டா தீவுக்குப் போகும் லாஞ்சில், அதாவது பயணிகள் படகில், ஏறுவதுதான். மறுநாள் அதில் போனோம். அந்தத் தீவின் குகைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதுவது அந்த லாஞ்ச் பயணத்தைப் பற்றி.

காலையில் செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயில். பெயரிலேயே துறைமுகம் இருக்கிறது. வடாலா தாண்டினால் சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு என்று ஸ்டேஷன் பெயர்களே பழைய சரக்குக் கணக்கைச் சொல்லும். 1944 ஏப்ரல் 14 அன்று இந்தக் கரையில் உள்ள விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்தது. பருத்திப் பொதியையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். பருத்தி பற்றிக்கொண்டது. அந்த ஏப்ரல் 14தான் இன்றைக்கும் நாடு முழுக்கத் தீயணைப்புச் சேவை நாள். கதவோரம் நின்று இதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். இடப்பக்கம் எட்டிப் பார்த்த மூன்று பேருக்கும் சுவரும் தகரக்கூரையும்தான் தெரிந்தன.

கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.எம்.டி.யில் (பழைய வி.டி.) இறங்கி, ஃபோர்ட் பகுதி வழியாக நடந்தே கேட்வே போனோம். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் வந்து இறங்கியதன் நினைவாகத் திட்டமிட்டு, 1924இல் கட்டி முடித்த வாசல். அதன் முன்னால் நாலு படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள் படகில் இருக்க வேண்டும்.

போகவர டிக்கெட்டுக்கு ஆளுக்கு 260 ரூபாய் கொடுத்தோம். கவுண்டரை விட்டு வேறெங்கும் வாங்காதீர்கள். "கைடோடு சேர்த்து", "டீலக்ஸ்" என்று வழிமறிப்பவர்களிடம் நின்று பேசவே வேண்டாம். மேல்தளத்தில் உட்கார படகிலேயே தனியாக 10 ரூபாய் வாங்குகிறார்கள். அதை டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். கீழே இருந்தால் டீசல் வாடையும் முன்னால் இருப்பவர் முதுகும்தான். ஆள் நிறையும் வரை படகை எடுக்க மாட்டார்கள். எங்களுக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

ஏறும் இடத்தில் கல்படிகள் பாசி பிடித்து வழுக்கும். இங்கே கடல் ஏறி வற்றுவது எங்கள் ஊரைப்போல அல்ல. தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் முழங்கால் அளவு, மிஞ்சினால் இடுப்பளவு. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டருக்கு மேல் போகும். காலையில் நாங்கள் மிதித்து ஏறிய படி சாயங்காலம் தண்ணீருக்குள் கிடந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படகுக்காரர் நீட்டும் கையைப் பிடித்து ஏறுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். 2024 டிசம்பர் 18 அன்று இதே வழியில் போன பயணிகள் படகில் விரைவுப் படகு ஒன்று மோதிப் பலர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். எங்கள் படகிலும் எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஆனால் எங்களுக்கு வந்த நாலில் இரண்டுக்குக் கொக்கி மாட்டவில்லை. ஒன்றில் வார் பாதியில் அறுந்திருந்தது. பலர் அதை மடியில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் விழுந்தவனுக்குச் சட்டை மாட்ட நேரம் இருக்காது என்பார் தாத்தா. நான் எழுந்துபோய்க் கேட்டேன். படகுப் பையன் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தான். அதைச் சொல்ல வேண்டும். ஆனால் கேட்காதவர்களுக்கும் நல்ல ஜாக்கெட் கிடைக்க வேண்டும். ஏறியவுடன் கொக்கியைப் போட்டு இழுத்துப் பாருங்கள். குழந்தை இருந்தால் சின்ன அளவு கேட்டு வாங்குங்கள்.

படகு கிளம்பியதும் இடப்பக்கம் கடற்படைத் தளம். அங்கே போனைக் கீழே வைக்கச் சொல்கிறார்கள், வையுங்கள். கண்ணால் பார்க்க யாரும் தடை சொல்லவில்லை. அதைத் தாண்டினால் நீர் விரிந்து, நங்கூரம் போட்ட கப்பல்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒன்றரை வருஷமாக இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கின்றன.

கப்பலைப் பார்க்கத் தாத்தா சொல்லித் தந்தது இரண்டு விஷயம். அடிவயிற்றின் சிவப்பு பட்டையாகத் தெரிந்தால் சரக்கு இல்லை, காலி. சிவப்பு தண்ணீருக்குள் போயிருந்தால் பாரம் ஏறியிருக்கிறது. இரண்டாவது, நங்கூரத்தில் நிற்கும் கப்பல்கள் எல்லாம் ஒரே திசையில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தால் நீரோட்டம் அந்தத் திசையிலிருந்து வருகிறது. அன்று அத்தனை கப்பலும் கடல்வாயைப் பார்த்து நின்றன. "அப்ப ஏத்தம்" என்று தோழிகளில் ஒருத்தி, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னாள். அவள் அப்பாவும் தோணிக்காரர்தான்.

அரைமணி கழித்து இடப்பக்கமாக ஜவாஹர் தீவு வரும். எண்ணெய்க் கப்பல்கள் வந்து சேரும் தீவு அது. குழாய்களும் எண்ணெய்த் தொட்டிகளும் தெரியும். அதற்குப் பின்னால் டிராம்பே, அணு ஆராய்ச்சி மையத்தின் வெள்ளைக் குவிமாடம். தூரத்தில் கோடு போட்டதுபோல அடல் சேது. 2024 ஜனவரியில் திறந்த பாலம், நீளம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர், பெரும்பகுதி கடல்மேல். வலப்பக்கம் முன்னால் நவா ஷேவாவின் கிரேன்கள். 1989இல் அந்தத் துறைமுகம் வந்த பிறகு கன்டெய்னர் பெரும்பாலும் அங்கே போய்விட்டது. காலையில் ரயிலிலிருந்து பார்த்த கிட்டங்கிகள் ஏன் அவ்வளவு அமைதியாகக் கிடக்கின்றன என்பது இங்கே வந்தால் புரிகிறது.

மேல்தளத்தில் இடப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எங்கள் ஊர்ப் பேச்சு வந்தது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி., சொந்தக் கப்பல் தேடி வந்தது இந்தப் பம்பாய்க்குத்தான். கப்பலோடுதான் ஊர் திரும்புவேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், காலியோ என்ற கப்பலை வாங்கினார். தூத்துக்குடியில் அவர் பெயரில் துறைமுகம், கல்லூரி, சாலை எல்லாம் இருக்கிறது. அவர் கப்பலுக்காக அலைந்த ஊரின் நீரில் நிற்கிறோம் என்று நினைத்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இந்த நகரத்தில் தமிழர் கதை என்றால் தாராவியையும் மாட்டுங்காவையும்தான் சொல்வார்கள். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குளிர்காலத்தில் கடற்காக்கைகள் படகு கூடவே பறந்து வரும். சிப்ஸ் எறிவார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். பாக்கெட்டும் சேர்ந்து கடலில் விழுவதைப் பார்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் தீவு. ஊராட்சிக்கு 10 ரூபாய், தொல்லியல் துறைக்கு 40 ரூபாய். நூற்று இருபது படி. வழி நெடுகப் பாசிமணிக் கடைகள். பை திறந்திருந்தால் குரங்கு விடாது. ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் பொட்டலம் பாதி வழியில் போய்விட்டது. அவ்வளவு தூரம் பத்திரமாக வந்த மக்ரூன் அது.

குகைக்குள் சதாசிவத்தின் முன்னால் மட்டும் நிதானமாக நில்லுங்கள். சுமார் 20 அடி உயரம், மூன்று முகம். நடுமுகம் கண்மூடி இருக்கிறது. ஒரு பக்கம் உக்கிரம், மறுபக்கம் பெண்மையின் சாந்தம். வெளியிலிருந்து வருகிற வெளிச்சம் அவ்வளவு தூரம் வந்து மங்கி விழுகிறது. நடராசரின் கைகளும் கால்களும் உடைந்துபோயிருக்கின்றன. சிதம்பரம் பார்த்த கண்ணுக்கு அது வலிக்கும். ஆனால் இடுப்பு வளைவு அப்படியே இருக்கிறது. தீவுக்குப் பெயர் கொடுத்த கல்யானையைத் தேடாதீர்கள். அது இப்போது பைகுல்லாவில் ராணி பாக் பூங்காவில் நிற்கிறது.

திரும்பும்போது கச்சான், அதாவது மேல்காற்று, முகத்துக்கு நேரே அடிக்கும். முன்பக்கம் உட்கார்ந்தால் நனைவீர்கள். கடைசிப் படகுக்காகக் காத்திருக்க வேண்டாம், வரிசை தீவின் படகுத்துறை நீளத்துக்கு நிற்கும். நாலு மணிக்குள் ஏறிவிட்டால் கப்பல்களின் மறுபக்கத்தில் வெயில் விழுந்து, பெயர்களைக்கூடப் படிக்கலாம். இப்போது வலப்பக்கம் உட்கார வேண்டும்.

திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை. ஆடி, ஆவணியில் கடல் கொந்தளித்தால் லாஞ்சை நிறுத்திவிடுவார்கள், அதனால் கார்த்திகைக்கு மேல் போவது நல்லது. நாங்கள் ரயிலோடு சேர்த்து ஆளுக்கு 350 ரூபாய்க்குள் முடித்தோம், சாப்பாடு தனி.

பொங்கல் கழித்து அம்மா வருகிறார்கள். முழங்கால் வலிக்காரி, 120 படி ஏறமாட்டார்கள், டோலியில் உட்காரவும் சம்மதிக்க மாட்டார்கள். குகை பார்க்காவிட்டாலும் சரி, படகில் கூட்டிப்போய்த் திரும்பலாம் என்றிருக்கிறேன். நல்ல கொக்கியுள்ள ஜாக்கெட்டாக முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.