தடித்த இட்டாலிக்: கூப்பர் பிளாக்கா, சூவனீரா, புக்மேனா?

ஆங்கிலத் தலைப்புக்குத் தடிமனான இட்டாலிக், அதாவது சாய்ந்த எழுத்து வேண்டும். ஆனால் அது அதட்டக் கூடாது, வாஞ்சையாகக் கூப்பிட வேண்டும். அப்படி ஒரு வேலை வந்தால் என் கை போவது மூன்று செரிஃப் (கோடுகளின் முனையில் சின்ன நீட்டல் உள்ள) எழுத்துருக்களிடம்தான்.

முதலாவது கூப்பர் பிளாக். சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்தது. பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் 1922-இல் வெளியிட்டது. ஈஸிஜெட் விமானங்களில் ஆரஞ்சு நிறத்தோடு பார்க்கிறோமே, அது இதன் நேர் வடிவம். செரிஃப் நுனிகள் எல்லாம் உருண்டை, எழுத்தின் அடிகூட தட்டையாக உட்காராது. அதனால் அச்சு கொஞ்சம் மழுங்கினாலும் கண்ணை உறுத்தாது. இட்டாலிக்கில் அந்த உருண்டைக்கு ஓட்டமும் சேர்கிறது. பேக்கரி டப்பாவில் ஒரே ஒரு சொல்லா? இதை மிஞ்ச ஆளில்லை. இரண்டாவது வரி வந்ததும் சிக்கல் தொடங்கும். a, e போன்ற சிற்றெழுத்துகளுக்கு உள்ளே இருக்கும் வெள்ளை இடம் கடுகளவுதான். அளவைக் குறைத்தால் அதுவும் மையில் அடைந்துபோகும்.

சூவனீர் இன்னும் மென்மை. மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1914-இல் ஒரே தடிமனில், இட்டாலிக் இல்லாமல் வடித்ததை, எட் பெங்கியாட் 1970-களின் தொடக்கத்தில் ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனத்துக்காகக் குடும்பமாக வளர்த்தார். அழைப்பிதழ், சமையல் குறிப்பு அட்டை என்றால் அழகு. தூரத்துப் பலகையில் மட்டும் கரைந்துவிடும். எழுபதுகளின் வாசனை வேறு விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பிடித்தது ஐடிசி புக்மேன். பழைய புக்மேனின் இட்டாலிக் என்பது நேரெழுத்தைச் சாய்த்து வைத்ததுதான். தமிழில் நமக்குப் பழக்கமானதும் அதுவே: பொத்தானை அழுத்தினால் எழுத்து சாயும், வடிவம் மாறாது. 1975-இல் அதே பெங்கியாட் கையெழுத்தின் சாயலோடு அசல் இட்டாலிக்கைப் புதிதாக வரைந்தார். அகலமான உடம்பு, பெரிய சிற்றெழுத்துகள், உள்ளே தாராளமான வெள்ளை. அதனால் டெமி (ஓரளவு தடித்த) இட்டாலிக்கில் முழு வாக்கியமே வைத்தாலும் மூச்சு முட்டாது. சுழித்து நீளும் வால் எழுத்துகளும் உண்டு. 1986-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிளஸ் பிரிண்டரோடு புக்மேன் அலுவலகங்களுக்குள் நுழைந்தபோது அந்த வால்கள் கூட வரவில்லை. அந்த வழியாக மட்டும் இதைப் பார்த்தவர்களுக்கு அதன் பாதி அழகு தெரியாமலே போனது, பாவம்.

வால்களைச் சொல்லின் முதலிலோ கடைசியிலோ வையுங்கள். நடுவில் வைத்தால் பக்கத்து எழுத்தோடு சிக்கிக்கொள்ளும்.

சரி, மெனு அட்டைக்கு எது? கடையின் பெயர் ஒற்றைச் சொல் என்றால் கூப்பர். பலகாரப் பெயர்களும் இட்டாலிக்கிலேயே வர வேண்டும் என்றால் யோசிக்காமல் புக்மேன் டெமி. வால் இல்லாமல் முதலில் அடித்துப் பார்க்க, இதன் நகலாக இலவசமாகக் கிடைக்கும் யூஆர்டபிள்யூ புக்மேனே போதும்.